சிரிப்பில் சரியும் உடல்: கேட்டப்ளெக்சி

கேட்டப்ளெக்சி என்பது, வலுவான உணர்ச்சி ஒன்று எழுந்த கணத்தில் உடலின் இருபுறத் தசைகளும் திடீரெனத் தளர்ந்துபோகும் நிலை. பெரும்பாலும் அந்த உணர்ச்சி சிரிப்போடு கூடிய மகிழ்ச்சியாக இருக்கும். தளர்ச்சி சில நொடிகள் நீடிக்கும். இரண்டு நிமிடங்களைத் தாண்டுவது அரிது. அதன்பின் தசைகள் எந்தக் குறையும் இல்லாமல் பழைய வலுவுக்குத் திரும்பிவிடுகின்றன. விழுந்து கிடக்கும் நேரத்தில் நோயாளிக்கு நினைவு தப்புவதில்லை. சுற்றி நடப்பதைக் கேட்கிறார், புரிந்துகொள்கிறார், பிறகு ஒன்றுவிடாமல் சொல்கிறார். மயக்கத்திலிருந்தும் வலிப்பிலிருந்தும் இந்நிலையைப் பிரித்துக் காட்டும் முதன்மையான அடையாளம் இந்த விழிப்பு. இதைக் கவனிக்கத் தவறியதால்தான் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எத்தனையோ பேர் வலிப்பு நோயாளிகள் என்றும் நடிப்பவர்கள் என்றும் முத்திரை குத்தப்பட்டார்கள்.

தளர்ச்சி பெரும்பாலும் முகத்திலும் கழுத்திலும் தொடங்குகிறது. கன்னத் தசை துடிக்கும், இமைகள் சரியும், தாடை தொங்கும், தலை முன்னால் சாயும், பேச்சு குழறும். பிறகு அது தோளுக்கும் கைக்கும் இறங்கும். பிடித்திருந்த டம்ளர் நழுவும். கடைசியாக முழங்கால்கள் மடியும். பல தாக்குதல்கள் முகத்தளவில், அல்லது முழங்கால் ஒரு கணம் தடுமாறும் அளவில் நின்றுவிடுவதால் அருகில் இருப்பவர்கள் அவற்றைக் கவனிப்பதே இல்லை. முழுத் தாக்குதலிலும் மரம் வெட்டுண்டதுபோல் விழுவது அரிது. சில நொடிகளில் படிப்படியாகச் சரிவதால் சுவரைப் பிடித்துக்கொள்ளவோ தரையில் அமர்ந்துவிடவோ பலருக்கு நேரம் கிடைக்கிறது. மூச்சுவிட உதவும் உதரவிதானமும் கண்களை அசைக்கும் தசைகளும் மட்டும் தளர்வதில்லை. அந்நேரத்தில் மருத்துவர் முழங்காலைச் சுத்தியலால் தட்டினால் கால் உதறாது. தசைநாண் அனிச்சை அடியோடு அற்றுப்போயிருக்கும். யாராலும் நடித்துக் காட்ட முடியாத அடையாளம் இது.

எந்த உணர்ச்சி தசையைத் தளர்த்தும் என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மரியாதைக்குச் சிரிக்கும் சிரிப்பு ஒன்றும் செய்வதில்லை. தானே ஒரு வேடிக்கைக் கதையைச் சொல்லிவந்து, கேட்பவர்கள் வெடித்துச் சிரிக்கப்போகும் கடைசி வரியை எட்டும்போது சொல்பவரின் தாடை தொங்கிவிடுகிறது. கதை முடியாமலே நின்றுவிடுகிறது. நெடுநாள் காணாத நண்பர் எதிர்பாராமல் எதிரே வந்து நிற்பது, தூண்டிலில் மீன் சிக்குவது, விளையாட்டில் பந்தை அடிக்கக் கை ஓங்குவது, பிள்ளையைக் கண்டிக்கக் கோபத்துடன் எழுவது, தன் திறமையை எண்ணிப் பெருமை கொள்வது என நோயாளிகள் சொல்லும் தருணங்கள் மருத்துவ நூல்களில் குவிந்து கிடக்கின்றன. தனியாக இருக்கும்போது வருவதைவிட நெருங்கியவர்களுடன் இருக்கும்போது மிகுதியாக வருகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வகுத்த எட்டில் நகை, உவகை, பெருமிதம், மருட்கை, வெகுளி ஆகிய ஐந்தும் இந்தத் தளர்ச்சியைத் தூண்டுகின்றன. அவற்றுள் நகையே மேலோங்கி நிற்கிறது. அழுகையும் அச்சமும் அந்த அளவுக்குத் தூண்டுவதில்லை. ஒருவருக்கு ஆண்டுக்கு ஓரிரு முறையும், மற்றொருவருக்கு ஒரே நாளில் பலமுறையும் வரக்கூடும்.

பலமாகச் சிரிக்கும்போது நலமுள்ளவர்களின் உடலும் சற்றுத் தளரத்தான் செய்கிறது. இது வெறும் பேச்சு வழக்கு அல்ல, அளந்து பார்த்த உண்மை. முழங்காலின் பின்புறம் உள்ள நரம்பை மெல்லிய மின்தூண்டலால் தொட்டால் கெண்டைக்கால் தசை சுருங்கும். அந்தச் சுருக்கத்தின் அளவு, தண்டுவடத்தில் உள்ள இயக்க நரம்பணுக்கள் எவ்வளவு ஆயத்தமாக இருக்கின்றன என்பதைக் காட்டும். நெதர்லாந்தைச் சேர்ந்த ஓவரேம், லாமெர்ஸ், வான் டைக் ஆகிய மூவரும் நலமுள்ளவர்களைச் சிரிக்கவைத்து இதை அளந்தார்கள். சிரிப்பின்போது அந்த அனிச்சை தெளிவாகக் குறைந்தது. முடிவை 1999-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். ஆக, உணர்ச்சிக்கும் தசைத் தளர்ச்சிக்கும் இடையிலான பாதை எல்லா மனிதரிடமும் உண்டு. நலமுள்ளவர்களிடம் அது லேசான தளர்வோடு நின்றுவிடுகிறது. கேட்டப்ளெக்சி உள்ளவர்களிடம் உடல் முழுவதும் பரவிவிடுகிறது. பாதையைத் தடுத்து நிறுத்தும் ஏதோ ஒன்று அவர்களிடம் இல்லை. அது என்ன என்று கண்டறிய 120 ஆண்டுகள் ஆயின.

முதல் விவரங்கள் ஐரோப்பாவிலிருந்து வந்தன. 1877-இல் பெர்லினில் கார்ல் வெஸ்ட்பால், தூக்கமும் தசைத் தளர்ச்சியும் மாறி மாறித் தாக்கிய ஒரு நோயாளியைப் பற்றி அறிவித்தார். 1880-இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் பாப்திஸ்த் எத்வார் ழெலினோ, மது பீப்பாய் வணிகரான 38 வயது ஆணைப் பற்றி விரிவாக எழுதினார். அந்த வணிகருக்குப் பகலிலேயே அடுக்கடுக்காகத் தூக்கம் வந்தது. வாய்விட்டுச் சிரித்தாலும், நல்ல வியாபாரம் ஒன்று கைகூடப்போகிறது என்று எண்ணினாலும் அவருடைய கால்கள் துவண்டன. சீட்டாட்டத்தில் நல்ல சீட்டு வந்தால் கையை அசைக்க முடியாமல் போனது. ழெலினோ இந்த நோய்க்கு இட்ட பெயர்தான் நார்கோலெப்சி. உணர்ச்சியால் வரும் தளர்ச்சிக்கும் தூக்க நோய்க்கும் உள்ள தொடர்பை 1902-இல் ஜெர்மனியின் லியோபோல்ட் லூவென்ஃபெல்ட் வலியுறுத்தினார். கேட்டப்ளெக்சி என்னும் பெயர் இந்தத் தளர்ச்சிக்கு அவர் வழியாகவே வந்தது. நோயாளியின் வாக்குமூலத்தைத் தவிர வேறு கருவி எதுவும் இல்லாத காலத்தில் எழுதப்பட்ட இந்த விவரங்கள் இன்றும் பிழையில்லாமல் பொருந்துவது வியப்புக்குரியது. காது கொடுத்துக் கேட்ட மருத்துவர்களின் வெற்றி இது.

அடுத்த துப்பு ஒரு கொள்ளைநோயிலிருந்து கிடைத்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் மூளையழற்சி நோய் ஒன்று பரவி, சிலரை ஓயாமல் தூங்கவைத்தது. வேறு சிலரைத் தூங்கவிடாமல் வதைத்தது. வியன்னாவில் கான்ஸ்டான்டின் ஃபான் எகோனோமோ இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்தார். ஓயாமல் தூங்கியவர்களுக்கு, மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமசின் பின்பகுதியும் மூளைத்தண்டின் மேற்பகுதியும் சிதைந்திருப்பதைக் கண்டார். நார்கோலெப்சிக்கும் அந்த இடத்தில்தான் காரணம் இருக்க வேண்டும் என்று எழுதினார். அவர் கைகாட்டிய இடம் சரியானது என்பது நூற்றாண்டின் இறுதியில் தெரியவந்தது.

இடையில் உறக்கம் பற்றிய அறிவு தலைகீழாக மாறியது. 1953-இல் சிகாகோவில் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும், உறங்குபவரின் கண்கள் இமைகளுக்குள் வேகமாக அசையும் ஒரு கட்டத்தைக் கண்டார்கள். ரெம் உறக்கம் என்று அதற்குப் பெயர் வந்தது. தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன. பிரான்சின் லியோன் நகரில் மிஷேல் ழூவே, பூனைகள் இந்தக் கட்டத்தை எட்டும்போது கழுத்துத் தசையின் மின்னோட்டம் முற்றிலும் அடங்கிப்போவதைப் பதிவு செய்தார். மூளைத்தண்டில் பாலம் என்னும் பகுதியின் ஒரு சிறு இடத்தைச் சிதைத்தபோது அந்த அடக்கம் மறைந்தது. பூனைகள் ரெம் உறக்கத்திலேயே எழுந்து இல்லாத எலியைத் துரத்துவதுபோல் பாய்ந்தன. கனவில் ஓடுபவர் படுக்கையிலிருந்து எழுந்து ஓடிவிடாமல் இருக்க, மூளை ஒவ்வோர் இரவும் தசைகளை முடக்கிவைக்கிறது. உதரவிதானத்தையும் கண் தசைகளையும் மட்டும் விட்டுவைக்கிறது. கேட்டப்ளெக்சியில் தப்பி நிற்பவையும் இதே தசைகள்தான்.

நலமுள்ளவர் உறங்கத் தொடங்கிச் சுமார் 90 நிமிடங்களுக்குப் பிறகே முதல் ரெம் உறக்கத்தை அடைகிறார். நார்கோலெப்சி உள்ளவர் கண்ணை மூடிய சில நிமிடங்களிலேயே அதற்குள் நுழைந்துவிடுவதை 1960-இல் ஜெரால்ட் வோகல் காட்டினார். அதோடு நோயின் துண்டு துண்டான அறிகுறிகள் ஒன்றுசேர்ந்தன. ரெம் உறக்கத்தின் கனவு விழிப்புக்குள் கசிந்தால், உறங்கப்போகும் நேரத்தில் அறைக்குள் யாரோ நிற்பதுபோன்ற தோற்றம் எழுகிறது. அதன் முடக்கம் விழித்த பிறகும் தொடர்ந்தால், கண் திறந்திருக்கக் கைகால் அசையாமல் கிடக்க நேர்கிறது. தமிழகத்தில் அமுக்குவான் பேய் என்று சொல்லப்படும் அனுபவம் இதுதான். நார்கோலெப்சி இல்லாதவர்களுக்கும் இது எப்போதாவது வரும். அதே முடக்கம் நடுப்பகலில், நின்று பேசிக்கொண்டிருப்பவர் மேல், ஒரு சிரிப்பை வழியாகக் கொண்டு இறங்கினால் அது கேட்டப்ளெக்சி.

காரணத்தை நோக்கி ஆய்வாளர்களை அழைத்துச் சென்றவை நாய்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டிமென்ட் 1970-களில் நார்கோலெப்சி உள்ள நாய்களைச் சேர்க்கத் தொடங்கினார். டோபர்மேன், லாப்ரடார் இனங்களில் இந்த நோய் பரம்பரையாக வந்தது. அந்த நாய்கள் விருப்பமான உணவைக் கண்டதும் மகிழ்ச்சியில் ஓடிவந்து, உண்ணும் முன்பே பின்னங்கால் துவண்டு சரிந்தன. சரிந்த நிலையிலும் கண்கள் உணவைப் பார்த்துக்கொண்டிருந்தன. எத்தனை துண்டு உணவு வைத்தால் எத்தனை முறை சரிகிறது என்று எண்ணுவதே நோயை அளக்கும் முறையாக இருந்தது. எம்மானுவேல் மினோவின் குழு பத்தாண்டு காலம் அந்த நாய்களின் மரபணுக்களைத் தேடி, 1999-இல் பிழையைக் கண்டுபிடித்தது. ஹைப்போகிரெட்டின் என்னும் மூளைப் புரதத்தை ஏற்கும் இரண்டாம் வகை ஏற்பி அந்த நாய்களில் பழுதாகியிருந்தது.

அந்தப் புரதமே ஓராண்டுக்கு முன்புதான், 1998-இல், இரண்டு குழுக்களால் தனித்தனியே கண்டறியப்பட்டிருந்தது. லூயிஸ் தெ லெசேயா பங்கேற்ற கலிஃபோர்னியக் குழு அதை ஹைப்போகிரெட்டின் என்று அழைத்தது. தகேஷி சகுராய், மசாஷி யானகிசாவா ஆகியோரின் டெக்சாஸ் குழு, பசியோடு தொடர்புடையது என்று கருதி ஒரெக்சின் என்று அழைத்தது. இரு பெயர்களும் ஒன்றையே குறிக்கின்றன. 1999-இல் யானகிசாவாவின் குழு, அந்தப் புரதம் இல்லாத எலிகளை உருவாக்கி இரவில் அகச்சிவப்புக் கேமராவில் படம்பிடித்தபோது, ஓடிக்கொண்டிருந்த எலிகள் சட்டென்று சரிந்து விழுந்து சற்று நேரத்தில் எழுந்து ஓடுவதைக் கண்டது. நாயிலிருந்தும் எலியிலிருந்தும் கிளம்பிய இரண்டு பாதைகள் ஒரே ஆண்டில் ஒரே புள்ளியில் சந்தித்தன.

மனிதர்களில் மரபணுப் பிழையை விட நரம்பணுக்களின் அழிவே காரணம் என்று அடுத்த ஆண்டே தெரிந்தது. ஹைப்போகிரெட்டினைச் சுரக்கும் நரம்பணுக்கள் மனித மூளையில் ஹைப்போதலாமசின் பக்கப்பகுதியில் மட்டுமே உள்ளன; மொத்தமும் சுமார் 70,000-தான். பல ஆயிரம் கோடி நரம்பணுக்கள் கொண்ட மூளையில் இது மிகச் சிறிய கூட்டம். ஆனால் அதன் இழைகள் மூளை முழுவதும் பரவுகின்றன. நார்கோலெப்சியோடு இறந்தவர்களின் மூளைகளை 2000-ஆம் ஆண்டில் ஜெரோம் சீகலின் குழுவும் மினோவின் குழுவும் ஆராய்ந்தன. அந்த நரம்பணுக்களில் 85 முதல் 95 விழுக்காடு வரை மறைந்திருந்ததை சீகலின் குழு காட்டியது. உயிரோடு இருக்கும் நோயாளிகளின் மூளைத் தண்டுவடத் திரவத்திலும் அந்தப் புரதம் மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருப்பதை அதே ஆண்டில் சேய்ஜி நிஷினோவும் உடனாய்வாளர்களும் அறிவித்தார்கள். பக்கத்து நரம்பணுக்களுக்கு எந்தச் சேதமும் இல்லாமல் இந்த ஒரு கூட்டம் மட்டும் குறிவைத்து அழிக்கப்பட்டதுபோல் இருப்பதுதான் இந்நோயின் தனித்தன்மை.

இந்தச் சிறு கூட்டம் இல்லாமல்போனால் சிரிப்பு ஏன் தசையைத் தளர்த்த வேண்டும்? விழிப்பையும் உறக்கத்தையும் பிரிக்கும் கதவுக்கு ஹைப்போகிரெட்டின் தாழ்ப்பாள் போன்றது. தாழ்ப்பாள் இல்லாத கதவு, காற்று வீசும்போதெல்லாம் திறந்துகொள்ளும். விழித்திருக்கையில் இந்தப் புரதம் மூளைத்தண்டில் உள்ள நீலப்புள்ளி என்னும் நோரெபிநெப்ரின் மையத்தையும் செரட்டோனின் மையங்களையும் தொடர்ந்து தூண்டிக்கொண்டிருக்கிறது. அவை இயக்க நரம்பணுக்களுக்கு ஊக்கம் தருகின்றன. பாலப்பகுதியில் இருக்கும் ரெம் முடக்கச் சுற்றையும் அடக்கிவைக்கின்றன. வேடிக்கையோ வெற்றியோ தோன்றும்போது நெற்றிமடலின் உட்பகுதியும் உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலாவும் கிளர்ந்து, அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் குறிப்புகளை அனுப்புகின்றன. ஹைப்போகிரெட்டின் இருந்தால் அந்தக் குறிப்புகள் எடுபடுவதில்லை. இல்லாதபோது முடக்கச் சுற்று விடுபட்டு, முகுளத்தின் வழியாகத் தண்டுவடத்துக்கு இறங்கி, இயக்க நரம்பணுக்களைக் கிளைசின், காபா ஆகிய வேதிப்பொருள்களால் அடக்கிவிடுகிறது. அமிக்டலாவைச் சிதைத்த எலிகளில் தாக்குதல்கள் குறைந்தன. சாக்லேட் கொடுக்கப்பட்ட எலிகளில் அவை கூடின. எலிக்கும் விருந்து விருந்துதான்.

நாய்களில் சீகலின் குழு செய்த அளவீடுகள் இன்னொரு புதிரையும் விடுவித்தன. தாக்குதலின்போது நீலப்புள்ளியின் நரம்பணுக்கள் முற்றிலும் மௌனமாகிவிடுகின்றன; ஹிஸ்டமின் நரம்பணுக்களோ விழித்திருப்பதுபோலவே இயங்கிக்கொண்டிருக்கின்றன. ரெம் உறக்கத்தில் இரண்டுமே அடங்கிவிடும். தசையின் வலு நோரெபிநெப்ரினோடும், விழிப்புணர்வு ஹிஸ்டமினோடும் பிணைந்திருப்பதால்தான் உடல் உறங்கியும் மனம் விழித்தும் இருக்கும் இந்தப் பிளவு நேர்கிறது.

உணர்ச்சிக்கும் இந்தப் புரதத்துக்கும் உள்ள உறவு மனிதரிடமே நேரடியாக அளக்கப்பட்டிருக்கிறது. கடுமையான வலிப்பு நோய்க்கு அறுவை செய்வதற்கு முன், வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று அறிய மூளைக்குள் மின்முனைகள் பொருத்தப்படுவதுண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அப்படிப் பொருத்தப்பட்ட எட்டு நோயாளிகளின் இசைவோடு, அமிக்டலாப் பகுதியில் ஹைப்போகிரெட்டின் அளவு பல நேரங்களில் அளக்கப்பட்டது. மகிழ்ச்சி, கோபம், பிறரோடு அளவளாவுதல் ஆகியவற்றின்போது அது உச்சத்தில் இருந்தது. 2013-இல் வெளியான இந்த முடிவு ஓர் அழகான உண்மையைச் சொல்கிறது. மனிதர் மனம்விட்டு மகிழும்போது, அந்த மகிழ்ச்சியில் உடல் துவண்டுவிடாமல் தாங்கிப் பிடிக்க மூளை அதே கணத்தில் இந்தப் புரதத்தை மிகுதியாகச் சுரக்கிறது. அந்தத் தாங்குதல்தான் நோயாளிகளுக்கு இல்லை.

நரம்பணுக்களை அழிப்பது எது என்பதற்கான சான்றுகள் உடலின் சொந்த நோயெதிர்ப்பு அமைப்பையே சுட்டுகின்றன. ஜப்பானில் யுதாகா ஹோண்டா, தகேயோ ஜூஜி ஆகியோர் 1980-களில் இந்த நோயாளிகளிடம், எச்.எல்.ஏ. என்னும் நோயெதிர்ப்பு மரபணுக்களில் ஒரு குறிப்பிட்ட வகை தவறாமல் இருப்பதைக் கண்டார்கள். அது பின்னர் டி.க்யூ.பி.1*06:02 என்று துல்லியமாக்கப்பட்டது. கேட்டப்ளெக்சியுடன் கூடிய நார்கோலெப்சி உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் இந்த வகை உண்டு. ஆனால் பொதுமக்களிலும் ஏராளமானோருக்கு இது இருப்பதால், மரபணு மட்டுமே நோயைத் தருவதில்லை. 2009-இன் எச்1என்1 பன்றிக் காய்ச்சலுக்குப் பின் சீனாவில் புதிய நோயாளிகள் கூடினார்கள். பின்லாந்திலும் சுவீடனிலும் பாண்டெம்ரிக்ஸ் என்னும் தடுப்பூசி பெற்ற குழந்தைகளிடமும் பதின்பருவத்தினரிடமும் நோய் பல மடங்கு பெருகியது 2010-இல் தெரியவந்தது. தடுப்பூசி பெற்றவர்களில் பல்லாயிரத்தில் ஒருவருக்கு வந்த விளைவு அது. அந்தத் தடுப்பூசி இப்போது பயன்பாட்டில் இல்லை. எல்லாத் தடுப்பூசிகளின் மீதும் ஐயத்தைக் கிளப்ப இதைப் பயன்படுத்துவது தவறு. இந்நிகழ்வு கற்பித்தது வேறொன்று: மரபணு வாய்ப்பு உள்ளவரிடம் ஒரு தொற்றோ அதுபோன்ற தூண்டுதலோ எதிர்ப்பணுக்களைத் திசைதிருப்பிவிட முடியும். ஹைப்போகிரெட்டினையே எதிரியாகக் காணும் டி அணுக்கள் என்னும் எதிர்ப்பணுக்கள் நோயாளிகளின் இரத்தத்தில் இருப்பது 2018-இல் காட்டப்பட்டது.

நோய் பெரும்பாலும் பதின்பருவத்தில் தொடங்குகிறது. முப்பதுகளில் தொடங்குவோரும் உண்டு. முதலில் வருவது அடக்க முடியாத பகல் தூக்கம். கேட்டப்ளெக்சி அதோடு சேர்ந்தோ, சில மாதங்கள் முதல் சில ஆண்டுகள் கழித்தோ வரும். சிறு குழந்தைகளிடம் தோற்றமே வேறு. நோய் தொடங்கிய முதல் மாதங்களில் எந்த உணர்ச்சியும் இல்லாமலே முகம் தொய்ந்திருக்கும், இமைகள் பாதி மூடியிருக்கும், வாய் திறந்து நாக்கு வெளியே வரும், நடை தள்ளாடும். உடல் எடை வேகமாகக் கூடும். பள்ளியில் தூங்கி வழியும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஆசிரியர் கண்டிப்பார். முகச் சுளிப்பைச் சேட்டை என்று வீட்டில் அடிப்பார்கள். பெற்றோர் இதை முன்பே அறிந்திருந்தால் எவ்வளவோ துன்பத்தைத் தவிர்க்கலாம். நோய் தொடங்கியதற்கும் சரியான பெயர் சூட்டப்படுவதற்கும் இடையே பல நாடுகளில் எட்டு முதல் பதினைந்து ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

நார்கோலெப்சி இல்லாமலும் கேட்டப்ளெக்சி வரும், மிக அரிதாக. நீமன் பிக் சி வகை என்னும் பரம்பரைக் கொழுப்புத் தேக்க நோயில் குழந்தைகள் சிரித்ததும் சரிவது அறியப்பட்ட அடையாளம். ஹைப்போதலாமசில் கட்டியோ அழற்சியோ இருந்தாலும் வரலாம்.

வேறு நோய்களோடு குழப்பிக்கொள்வது எளிது. மயக்கத்தில் நினைவு தப்பும். முகம் வெளுத்து வியர்க்கும். வலிப்பில் நினைவு தப்புவதோடு நாக்கு கடிபடலாம், சிறுநீர் பிரியலாம், தெளிந்த பின்னும் குழப்பம் நீடிக்கும். பொட்டாசியம் மாறுபாட்டால் வரும் காலமுறை வாதம் மணிக்கணக்கில் நீளும். சிரிப்போடு அதற்குத் தொடர்பில்லை. மனச்சிக்கலால் வரும் சரிவுகளில் தூண்டும் சூழலும் நீடிக்கும் நேரமும் வேறு மாதிரி இருக்கும். முழங்கால் அனிச்சையும் போய்விடாது. ஆகவே நோயறிதலின் பெரும்பகுதி ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது: சிரிக்கும்போது உடம்பில் என்ன நடக்கிறது? பகல் தூக்கம் என்று வரும் ஒவ்வொருவரிடமும், காரணம் தெரியாமல் விழுகிறார் என்று அழைத்து வரப்படும் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்டால் ஒரு நிமிடம் ஆகும்; கேட்காமல் விட்டால் தேவையற்ற வலிப்பு மாத்திரைகளோடு ஆண்டுகள் போய்விடும். கைபேசியில் வீட்டார் எடுத்த ஒரு சிறு காணொலி இதில் மருத்துவருக்குப் பேருதவி.

அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையை உறுதிப்படுத்தச் சோதனைகள் உள்ளன. இரவு முழுவதும் உறக்கத்தைப் பதிவு செய்துவிட்டு, மறுநாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நான்கைந்து குட்டித் தூக்கங்களுக்கு வாய்ப்புத் தரப்படும். சராசரியாக 8 நிமிடத்துக்குள் உறங்கி, அவற்றில் குறைந்தது இரு முறை ரெம் உறக்கம் விரைவாக வந்தால் நார்கோலெப்சி உறுதியாகிறது. முந்தைய இரவின் உறக்கத் தொடக்கத்தில் வந்த ரெம்மும் கணக்கில் சேரும். மூளைத் தண்டுவடத் திரவத்தில் ஹைப்போகிரெட்டின் மில்லிலிட்டருக்கு 110 பிகோகிராம் அல்லது அதற்குக் குறைவாக இருப்பது அதைவிட வலுவான சான்று.

இந்த நோய் உயிரை எடுப்பதில்லை. வாழ்வின் சுவையை எடுத்துவிடுகிறது. நீந்தும்போதும், வண்டி ஓட்டும்போதும், அடுப்பின் முன் நிற்கும்போதும், மாடிப்படியில் இறங்கும்போதும் தாக்குதல் வந்தால் ஆபத்து என்பது உண்மை. அதைவிட ஆழமான இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. சிரித்தால் விழுவோம் என்று அறிந்தவர், நாளடைவில் சிரிக்காமல் இருக்கப் பழகிக்கொள்கிறார். கலகலப்பான கூட்டங்களைத் தவிர்க்கிறார். நண்பர் கதை சொல்லத் தொடங்கியதும் மனத்தை வேறெங்கோ திருப்புகிறார், அல்லது முன்கூட்டியே உட்கார்ந்துவிடுகிறார். தன் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சும்போது கை தளர்ந்துவிடுமோ என்று அஞ்சும் தாய், கொஞ்சுவதையே குறைத்துக்கொள்கிறார். இறுகிய முகத்தோடு இருக்கும் இவர்களைப் பிறர் கடுமையானவர்கள் என்று எண்ணுகிறார்கள். மருத்துவ நூல்கள் இந்த இழப்பை ஒரு வரியில் கடந்துபோவது நியாயமல்ல.

சிகிச்சை நோயை வேரோடு நீக்குவதில்லை. தாக்குதல்களைப் பெருமளவு குறைக்கிறது. 1960-இல் ஜப்பானிய மருத்துவர்கள் இமிப்ரமின் என்னும் மனச்சோர்வு மருந்து கேட்டப்ளெக்சியை அடக்குவதைக் காட்டினார்கள். நோரெபிநெப்ரின், செரட்டோனின் அளவை உயர்த்தும் மருந்துகள் ரெம் உறக்கத்தையும் அதன் முடக்கத்தையும் அடக்குவதே காரணம். இன்று வென்லாஃபாக்சின் பரவலாகத் தரப்படுகிறது. இவற்றைச் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் தாக்குதல்கள் இடைவெளியின்றி மணிக்கணக்கில் தொடரும் நிலை வரக்கூடும். இரவில் இரு வேளை பருகும் சோடியம் ஆக்சிபேட் 2002-இல் அமெரிக்காவில் இதற்காக ஏற்கப்பட்டது. பலன் நன்று, கட்டுப்பாடுகள் கடுமை. ஹிஸ்டமினைக் கூட்டும் பிடோலிசன்ட் பின்னர் வந்தது. பகல் தூக்கத்துக்குத் தரப்படும் மோடாஃபினில் கேட்டப்ளெக்சியைத் தணிப்பதில்லை. நோரெபிநெப்ரினின் வேலையைத் தடுக்கும் பிரசோசின் அதை மோசமாக்கும். இந்தியாவில் தேள்கடிக்கு உயிர்காக்கும் மருந்தாகத் தரப்படுவது அதே பிரசோசின் என்பதால், நோயாளிகளும் மருத்துவர்களும் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது. ஹைப்போகிரெட்டினின் இடத்தை நிரப்பி, அதன் இரண்டாம் ஏற்பியையே தூண்டும் மாத்திரைகள் இப்போது சோதனையில் உள்ளன. முதலில் வந்த ஒன்று கல்லீரலைப் பாதித்ததால் 2021-இல் நிறுத்தப்பட்டது. அடுத்து வந்த ஓவெபோரெக்ஸ்டன் தாக்குதல்களைத் தெளிவாகக் குறைத்ததை 2025-இல் வெளியான முடிவுகள் காட்டின. இழந்த பொருளையே ஈடுசெய்யும் முதல் மருத்துவம் இது.

தாக்குதல் வந்தவருக்கு அருகில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது குறைவு. விழாமல் தாங்கிப் பிடித்து மெல்லப் படுக்கவைக்க வேண்டும். முகம் தலையணையிலோ துணியிலோ புதையாமல், கழுத்து மடியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கையில் சாவியையோ இரும்பையோ திணிப்பதால் பயனில்லை. அது வலிப்பிலும் பயன்படுவதில்லை. வாயில் நீர் ஊற்றுவது ஆபத்து. உலுக்கி எழுப்பத் தேவையில்லை, அவர் உறங்கவில்லை. சுற்றி நிற்பவர்கள் பேசும் ஒவ்வொரு சொல்லும் அவர் காதில் விழுகிறது. ஆகையால் அவரைப் பற்றிப் பேசாமல், அவரிடமே அமைதியாகப் பேச வேண்டும். பெரும்பாலும் இரண்டு நிமிடங்களுக்குள் அவர் தானே எழுந்துவிடுவார்.